முக்கால் மணி நேரத்துக்காரி

அப்பாவின் நகங்களை யார் வெட்டுகிறார்கள் என்று டாக்டர் கேட்ட அன்றைக்குத்தான் அந்த வீட்டில் இன்னொருத்தி நடமாடுவது வெளியே வந்தது.

டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். வாரத்துக்கு ஒருமுறை வந்து, நாடி பார்த்து, முதுகைப் புரட்டிப் படுக்கைப் புண் இருக்கிறதா என்று கவனித்துவிட்டுப் போகிறவர். "நல்லா பாத்துக்கிறீங்க. இந்த மாதிரி படுத்துட்டவங்க நகத்தை யாரும் கண்டுக்க மாட்டாங்க. யாரு வெட்டுறது?" என்றார். மூத்த மகளான கணக்கு டீச்சர் அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள். பத்து விரலும் ஒட்ட வெட்டி, ஓரம் தேய்த்து, குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி பளிச்சென்று இருந்தன. அவள் வெட்டவில்லை. "தங்கச்சியா இருக்கும்" என்று சொல்லி டாக்டரை அனுப்பிவைத்தாள்.

தங்கச்சிக்குப் போனில் எழுதித்தான் கேட்டாள், ஏனென்றால் இருவருக்கும் பேச்சு கிடையாது. 'இல்ல, நீன்னு நெனச்சேன்' என்று பதில் வந்தது. தம்பிக்கு எழுதினாள். அவனோடும் பேச்சு கிடையாது. அவன் மெக்கானிக், விரல் நுனியெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்தவன். 'என் நகத்தையே நான் வெட்டுறதில்ல' என்று எழுதியிருந்தான். அதற்கு அவன் கையே சாட்சி.

இந்த வீட்டுச் சண்டையை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். ரோட்டில் எப்படியோ, வீட்டில் அவருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. பிள்ளைகள் நான்கு. மூத்தவள் கணக்கு டீச்சர். அடுத்தவன் மெக்கானிக். அதற்கடுத்தவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கடைசி, குட்டி. அந்தக் குட்டி பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணனோடு பட்டறையில் வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னார். கடைசியாக, "இனிமே எனக்கு மூணு பிள்ளைங்கதான்" என்றார். நான்கு மூன்றாகிவிட்டது.

மீதி மூன்று பேரும் சும்மா இருந்தார்களா? நண்பனை வீட்டுக்குள் விட்டது நீதானே என்று அக்காள் தம்பியைக் கேட்டாள். சேதி சுமந்தது நீதானே என்று தம்பி மருந்துக்கடைக்காரியைக் கேட்டான். எல்லாம் தெரிந்தும் வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்தது நீதானே என்று அவள் அக்காளைக் கேட்டாள். ஆளுக்கொரு கேள்வி, ஒருவருக்கும் பதில் இல்லை, பேச்சு முறிந்தது. அடுத்த வருஷமே அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு குட்டி என்ற பெயரே அந்த வீட்டில் புழங்கவில்லை. டீச்சருடைய மகள் தன் கடைசிச் சித்தி எப்போதோ செத்துப்போய்விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும் என்று டீச்சரும் விட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் மூன்று பேரும் ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ராத்திரி மெக்கானிக். காலை மருந்துக்கடைக்காரி. மத்தியானத்திலிருந்து டீச்சர், அவளுக்குக் காலைப் பள்ளிக்கூடம் என்பதால். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க வழியும் கண்டுபிடித்தார்கள். அடுத்தவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுவது. சாவி மாடிப்படியின் அடியில் மீட்டர் பெட்டிக்குள். அந்தச் சாவி அவர்கள் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

நகத்தைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் டீச்சரின் கண்ணில் பட ஆரம்பித்தது. அப்பாவின் முகம் துடைக்கிற துண்டு பிழிந்து, ஜன்னல் கம்பியில் ஒற்றை முடிச்சுப் போட்டுத் தொங்கியது. டம்ளர் தட்டின் மேல் கவிழ்ந்திருந்தது. படுக்கை விரிப்பின் மூலைகள் மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகியிருந்தன. அந்த முடிச்சை அவள் தொட்டுப் பார்த்தாள். உலகத்தில் துண்டை அப்படி முடிச்சுப் போட்டுக் காயவைக்கிறவள் ஒருத்திதான், அம்மா. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பத்து வருஷமாகிறது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது கேட்டாள். "அப்பா, உங்க நகத்தை யாருப்பா வெட்டுனா?"

அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சொல் ஒவ்வொன்றும் கல்லைப் புரட்டுகிற மாதிரிதான் வரும். "அவதான்" என்றார்.

"எவப்பா?"

"வருவாளே. நீங்க இல்லாதப்ப."

"என்னப்பா சொல்லுவா உங்ககிட்ட?"

"ஒண்ணும் பேச மாட்டா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் டீச்சரைக் கலக்கியது. செத்துப்போன பெண்டாட்டி வந்து போகிறாள், இவரும் சந்தோஷமாக இருக்கிறார். அப்படியென்றால் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாள். நாம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவாள். இவர் அனாதையாகச் செத்துக் கிடப்பார். எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் அப்பா தனியாகச் சாகக்கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

ஆனால் யாரும் இல்லாத நேரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? மூன்று பேர் இருக்கிறோமே, நாள் முழுக்க ஆள் இருக்கிறதே என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

மறுநாள் ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டுவது பாடம். கரும்பலகையில் மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று என்று எழுதிவிட்டு, "எடுத்த உடனே மீப்பெரு பொதுன்னு, மீச்சிறு பொதுன்னு பாயாதீங்க. கொஞ்சம் கண்ணால பாருங்க. கூட்டல்ல யாரு முன்னாடி நிக்கணும், யாரு பின்னாடி நிக்கணும்னு சட்டம் கிடையாது. வரிசையை மாத்தலாம். யாரை யாரோட முதல்ல சேக்கணும்னும் சட்டம் கிடையாது. ஒத்துப்போறவங்களாப் பாத்துப் பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க. மூணுல ஒண்ணும் ஆறுல ஒண்ணும் சேந்தா அரை. அப்புறம் காலைச் சேத்தா முக்கால். எப்படி மாத்திப் போட்டாலும் மொத்தம் மாறாது" என்றாள். பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு என்று தலைப்பும் எழுதினாள். இருபது வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய பாடம் அது.

பெஞ்சுகளெல்லாம் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சாக்பீஸால் மேஜை மேலேயே கூட்டிப் பார்த்தாள். தம்பி ராத்திரி ஒன்பதரைக்கு வந்து காலையில் ஏழு பத்துக்குப் போகிறான். ஒன்பது மணியும் மூன்றில் இரண்டும். தங்கச்சி ஏழரையிலிருந்து ஒன்றேகால் வரை, ஐந்தே முக்கால். அவள் ஒன்றரைக்கு வந்து ஒன்பது இருபதுக்குக் கிளம்புகிறாள். ஏழு மணியும் ஆறில் ஐந்தும். முழு எண்களைத் தனியாகக் கூட்டினாள், இருபத்தொன்று. பின்னங்களைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தாள். பன்னிரண்டில் எட்டு, ஒன்பது, பத்து. மொத்தம் பன்னிரண்டில் இருபத்தேழு. அதாவது இரண்டேகால். ஆக இருபத்து மூன்றேகால்.

ஒரு நாளுக்கு இருபத்து மூன்றேகால் மணி என்று எந்த ஊரிலும் கிடையாது. தம்பியையும் தன்னையும் முதலில் சேர்த்தாள், பதினேழரை. தங்கச்சியைச் சேர்த்தாள், இருபத்து மூன்றேகால். தங்கச்சியையும் தன்னையும் சேர்த்துவிட்டுத் தம்பியைக் கடைசியில் போட்டாள். அதே இருபத்து மூன்றேகால். மொத்தம் மாறாது என்று இப்போதுதானே பிள்ளைகளுக்குச் சொன்னாள்!

முக்கால் மணி நேரம் காணவில்லை. எங்கே போனது என்பதும் உடனே தெரிந்தது. காலையில் ஒரு இருபது நிமிஷம், மத்தியானம் ஒரு கால் மணி, ராத்திரி ஒரு பத்து நிமிஷம். அவரவர் விட்ட இடைவெளி அவரவருக்கு ஒன்றுமே இல்லை. 'தங்கச்சி தெரு முனையில்தான் இருப்பாள்' என்று தம்பி கிளம்பியிருக்கிறான். 'அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாள்' என்று தங்கச்சி கிளம்பியிருக்கிறாள். ஒருவரோடு ஒருவர் பேசியிருந்தால் யாராவது கூட்டிப் பார்த்திருப்பார்கள். பேசாதவர்களுக்கு ஏது கூட்டல்? கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மணியில் மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று: அங்கேயும் அதே மூன்று பின்னங்கள்தான் நின்றன. ஏதோ வாய்க்கு வந்த உதாரணம் என்றுதான் சற்று முன் எழுதினாள். இப்போது அதைப் பார்க்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வகுப்பு முடிகிற வரை அந்தப் பக்கம் முதுகைக் காட்டவே இல்லை.

அம்மா இருப்பது அந்த முக்கால் மணி நேரத்தில். அதை அடைத்துவிட்டால் அம்மாவுக்கு உள்ளே வர வழி கிடையாது. அன்றைக்கே இரண்டு பேருக்கும் எழுதினாள். 'அடுத்த ஆள் வந்த பிறகுதான் கிளம்பணும். அப்பா தனியா இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்றார்.' டாக்டர் தலையில் பழியைப் போட்டால் இந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்கும், இதுவும் நடந்தது. அடுத்த நாளிலிருந்து ஒருவர் மாடிப்படியில் ஏற, ஒருவர் இறங்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உரசாமல் போனார்கள். நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் நிரம்பியது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் நாள் தூக்கம் என்று நினைத்தார்கள். இரண்டாம் நாளும் மூடியே இருந்தது. கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் வாயைத் திறந்தார், புரட்டினால் முனகினார், காலை அமுக்கினால் "மெதுவா" என்றார். கண்ணை மட்டும் திறக்கவில்லை. இறுக்கி மூடியிருந்தார், இமை சுருங்குகிற அளவுக்கு. விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் அப்படியேதான். டாக்டர் வந்து விரலால் இமையை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. அவராத்தான் மூடிட்டிருக்கார்" என்றார். மருந்துக்கடைக்காரி பயந்துபோய் அக்காவுக்கு எழுதினாள்: 'முகம் பிணம் மாதிரி இருக்கு. காலைல தனியா உக்கார முடியல.' பதினோரு வருஷத்தில் அவள் அக்காவுக்கு எழுதிய நீளமான செய்தி அதுதான். அவளே மறுநாள், யாரோ வாசல் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கிறது, போய்ப் பார்த்தால் இல்லை என்றும் எழுதினாள்.

டீச்சருக்கும் அப்படித்தான் இருந்தது. வழியை அடைத்தோம் என்று நினைத்தது போய், அடைக்கப்பட்ட ஏதோ ஒன்று வெளியே நின்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. துண்டை அவள்தான் இப்போது காயப் போட்டாள். எத்தனை முறை முயன்றும் அந்த முடிச்சு வரவில்லை.

ஒரு மத்தியானம் பொறுக்கமுடியாமல் அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கண்ணைத் திறங்கப்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"அவ வர்ற நேரம்" என்றார்.

"இப்ப இல்லப்பா. நான் இருக்கேன் இங்க."

"அவ வர்ற நேரம்" என்றார் மறுபடியும். சாயங்காலம் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். விளக்கு வைத்த பிறகு கேட்டபோதும் அதையேதான்.

"அம்மா வரமாட்டாங்கப்பா. விடுங்க" என்றாள் டீச்சர், அழுகையை அடக்கிக்கொண்டு.

அப்பாவின் நெற்றி சுருங்கியது. பழைய டிரைவர் கோபம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. "உங்கம்மா செத்துப் போனவ. அவ எப்படிடி வருவா? பைத்தியமா உனக்கு?"

டீச்சர் தாடையிலிருந்து கையை எடுத்தாள். அம்மா இல்லை. அப்படியென்றால் எவள் வரும்போது இவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிற அளவுக்கு எவள்? அப்போதுதான் பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த வாசல் அவள் காதில் இரைந்தது. 'செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். உன் குரல் என் காதுல விழக்கூடாது.' தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாரே, அதில் அதுவும் இருந்தது.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிரே சலவைக் கடை. அதன் மேலே ஓர் அறை. போன வருஷம் வரை காலியாகக் கிடந்தது. அந்த அறையின் ஜன்னலில் ஒருத்தி நின்று இந்த வீட்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் ஜன்னலை விட்டு விலகினாள்.

மருந்துக்கடைக்காரி மறுநாள் காலை வந்து உட்காருகிற வரை டீச்சருக்குத் தூக்கம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். இஸ்திரிப் பெட்டியின் ஆவி மேலே ஏறுகிற அந்தக் குறுகிய படிகளில் ஏறிக் கதவைத் தட்டினாள். திறந்தவளுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. கண் மட்டும் குட்டியின் கண்.

"என்னக்கா, பேயைப் பாத்த மாதிரி பாக்குற?" என்றாள்.

"அதைத்தான்டி இத்தனை நாளாத் தேடிட்டிருந்தேன்" என்றாள் டீச்சர். அடிப்பதற்குத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை போய்த் தங்கையின் தோளில் விழுந்து, அங்கேயே கிடந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடிப்பதற்குள் கீழே சலவைக் கடைக்காரர் இரண்டு முறை, "மேல என்னம்மா சத்தம்?" என்று கேட்டுவிட்டார்.

குட்டி சொன்னது இதுதான். அப்பா விழுந்தது தெரிந்ததும், புருஷனை அவன் ஊரிலேயே விட்டுவிட்டு வந்து இந்த அறையைப் பிடித்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், நடுவில் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நாலு நாளில் தெரிந்துவிட்டது. முதல் தடவை சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனாள்.

"முழிச்சிட்டிருந்தாருக்கா. என்னைப் பாத்ததும் கண்ணை மூடிக்கிட்டாரு. துரத்துறாருன்னு நெனச்சேன். திரும்பிட்டேன். வாசப்படி தாண்டல, போர்வைக்குள்ள இருந்து கையை வெளிய நீட்டுனாரு. நல்லா இருக்கிற கையை. வெரலை விரிச்சுக் காட்டுனாரு. நகமெல்லாம் வளந்து கெடந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெட்டி விட்டேன். அவரு கண்ணைத் தெறக்கல, நான் வாயைத் தெறக்கல. அன்னிலருந்து அப்படித்தான். அவரு சொன்ன சொல்லை அவரும் மீறல, நானும் மீறல."

"ரெண்டும் ஒரே அச்சு" என்றாள் டீச்சர். "இப்ப நீ வந்தா கண்ணைத் தெறப்பாரா?"

"நான் போனாத்தான்க்கா தெறப்பாரு. நான் வந்து போனாத்தானே போயிட்டேன்னு தெரியும்?"

டீச்சர் அந்த அறையிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழு நாளையும் அடைத்துத் தைத்தது அவள்தான். இருபத்து நான்கு என்று நிறைவாக வந்ததும் சந்தோஷப்பட்டவளும் அவள்தான். அப்பாவை இருட்டில் போட்டு மூடியது வேறு யாருமில்லை. மூன்று பிள்ளைகளைக் கூட்டி முழு நாளாக்கப் பார்த்தது தப்பு. அந்த வீட்டில் பிள்ளைகள் நான்கு பேர்.

அவள் வேலையை உடனே ஆரம்பித்தாள். தம்பியிடமும் தங்கச்சியிடமும் குட்டி பெயரைச் சொன்னால் வீடு இரண்டாகும். அதற்கு இப்போது நேரமில்லை. பழையபடி இடைவெளியை விட்டால் போதுமா? இருபது நிமிஷம், கால் மணி, பத்து நிமிஷம் என்று இந்தப் பெண் திருடி மாதிரி மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். கணக்கு டீச்சர் அந்தச் சிதறல்களை எடுத்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக உட்கார வைத்தாள். தம்பி பழையபடி ஏழு பத்துக்குப் போகட்டும், தங்கச்சி அந்த ஏழு பத்துக்கே வரட்டும். அவளுடைய ஐந்தே முக்கால் மணி ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே முடிந்துவிடும். டீச்சர் ஒன்று நாற்பதுக்கு வந்தால் அவளுடைய நேரம் ஒன்பதரைக்கு முடியும், அப்போது தம்பி வந்துவிடுவான். யாருடைய நேரமும் ஒரு நிமிஷம் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் மத்தியானத்தில் முக்கால் மணி நேரம் ஒரே துண்டாக, உடையாமல் கிடைத்தது.

'யாருக்கும் ஒரு நிமிஷம்கூட அதிகமில்ல. ஆரம்பிக்கிற நேரம் மட்டும் மாறுது. மத்தியானம் கொஞ்ச நேரம் தனியா விடலாம்னு இப்ப டாக்டர் சொல்றார்' என்று எழுதினாள். 'எதுக்கு?' என்று தம்பி கேட்டான். 'கணக்கு' என்று பதில் போட்டாள். அவன் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு என்றால் கேள்வி கேட்காதவன்.

முதல் நாள் ஒன்று நாற்பதுக்கு டீச்சர் உள்ளே போனபோது துண்டு, அம்மாவிடம் குட்டி கற்ற அந்த ஒற்றை முடிச்சில் தொங்கியது. அப்பா கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க போன இவ்வளவு நேரம்? பசிக்குது" என்றார். அவ்வளவுதான். டீச்சர் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. காலையிலும் ராத்திரியிலும் ஆட்கள் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது. சாவியைக் கையிலிருந்து கைக்குத்தான் கொடுக்க வேண்டும். சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் மெக்கானிக், "மாத்திரை முடியப் போவுது" என்று சுவரிடம் சொன்னான். "நான் கொண்டாரேன்" என்று மருந்துக்கடைக்காரி படிக்கட்டிடம் சொன்னாள். சுவரும் படிக்கட்டும் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் தங்கச்சி பேச ஆரம்பித்தார்கள். மத்தியானம் நடப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருந்தார்கள். நகம் வெட்டியிருப்பதைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

டீச்சர் ஒன்றை மட்டும் குட்டியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னிக்காவது?" குட்டி தலையை ஆட்டுவாள். இல்லை. கையைக் கொடுக்கிறார், காலைக் கொடுக்கிறார், முகத்தைத் திருப்பித் திருப்பித் துடைக்கக் கொடுக்கிறார். கண்ணை மட்டும் கொடுக்கவில்லை. "பரவாயில்லக்கா" என்பாள் குட்டி. பரவாயில்லை என்று சொல்கிறவளின் முகம் அப்படியா இருக்கும்?

மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் டீச்சர் ஒன்று நாற்பதுக்கு வந்து மீட்டர் பெட்டியைத் திறந்தாள். சாவி இல்லை. மேலே ஏறினாள், கதவு ஒருக்களித்திருந்தது. குட்டி எப்போதும் டீச்சர் வருவதற்குள் போயிருப்பாள். இன்றைக்குக் கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஈரத் துண்டு. தண்ணீர் சொட்டிச் சேலையெல்லாம் நனைந்திருந்தது. அப்பாவின் கண் இரண்டும் திறந்திருந்தன. குட்டி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தன. இமைக்கவில்லை.

டீச்சர் கிட்டே போய்க் கையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்படி?"

"மொகம் தொடச்சிட்டிருந்தேன்" என்றாள் குட்டி. "துண்டைப் பிழிய அந்தப் பக்கம் திரும்புனேன். அவ்வளவுதான்க்கா, பிழியுற நேரம்தான். திரும்பிப் பாத்தா கண்ணு தெறந்திருந்துச்சு. என்னைப் பாக்குறாருன்னு நெனச்சு அப்பான்னேன். வாயைத் தெறந்து சொல்லிட்டேன். மறுபடி அப்பான்னேன்..."

டீச்சர் போனை எடுத்தாள். இந்த முறை எழுதவில்லை, கூப்பிட்டாள். பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் தம்பி, "என்னக்கா?" என்றான். அந்த 'அக்கா'வைக் கேட்டும் வெகுகாலமாகியிருந்தது. சொன்னாள். அவன் குரல் உடைந்து, "தனியாவா போனாரு? அந்த மத்தியான நேரத்துலயா? யாருமே இல்லையா பக்கத்துல?" என்றான்.

"இருந்தா. குட்டி இருந்தா."

பட்டறையில் யாரோ எதையோ தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "வர்றேன். வழியில மருந்துக் கடைக்குப் போயி அவளையும் கூட்டிட்டு வர்றேன்" என்றான் தம்பி. போனை வைத்துவிட்டான்.

இரண்டு பேரும் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள். டீச்சர் இமையை மூடக் கையை நீட்டினாள். குட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணு சொல்லு. நீ படிச்சவ. கண்ணைத் தெறந்து பாத்துட்டு அப்புறம் போனாரா? இல்ல, போனதுக்கப்புறம் கண்ணு தானா தெறந்துக்குச்சா? எது மொதல்லக்கா?"

வரிசையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்று இருபது வருஷமாக எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் டீச்சர். இங்கே இருப்பது இரண்டே இரண்டு. கண் திறந்ததும் உயிர் போனதும். இதை முன்னால் வைத்தால் அப்பா மகளைப் பார்த்துவிட்டுப் போனார். அதை முன்னால் வைத்தால் பார்க்காமலே போனார். ஒரு துண்டைப் பிழிகிற நேரத்துக்குள் நடந்து முடிந்த ஒன்று, பார்த்தவர் யாரும் இல்லை, கூட்டிப் பார்க்க ஒரு வழியும் இல்லை. குட்டியின் விரல்கள் மணிக்கட்டில் இறுகின. இந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இவள் இனி உள்ள காலமெல்லாம் இருக்க வேண்டும்.

"மொதல்ல கண்ணைத் தெறந்தாரு" என்றாள் டீச்சர். "உன் முதுகைப் பாத்துட்டிருந்திருப்பாரு. நீ திரும்புனதும் உன் மூஞ்சியைப் பாத்தாரு. அப்புறம்தான் போனாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

வழிமுறை எழுதாத விடைக்கு டீச்சர் தன் வாழ்நாளில் ஒரு மதிப்பெண்கூடப் போட்டதில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

குட்டி தலையை ஆட்டினாள், மணிக்கட்டை விட்டாள். கீழே படிக்கட்டில் இரண்டு பேர் ஓடி ஏறிவருகிற சத்தம் கேட்டது. அவள் பழக்கதோஷத்தில் துண்டைப் போட்டுவிட்டு எழுந்து, போவதற்கு வாசல் பக்கம் திரும்பினாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்து ஸ்டூலிலேயே உட்கார வைத்தாள்.